ஒளிக்கற்றைக்குள் தளவிளைவுக் கோலம்: புதிதாகத் தொடங்கும் வேலூர்ப் பகுதி மாணவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

சாதாரண லேசர் கற்றையில் மின்புலம் எல்லாப் புள்ளிகளிலும் ஒரே திசையில் அதிர்கிறது. அந்தத் திசை கற்றையின் குறுக்குவெட்டில் புள்ளிக்குப் புள்ளி மாறும்படி அமைத்தால், ஒளிச்செறிவு மட்டுமன்றித் தளவிளைவும், அதாவது அதிர்வுத் திசையும், ஒரு வடிவத்தைப் பெறுகிறது. மையத்திலிருந்து ஆரத்திசையில் அதிரும் கற்றையே இவற்றுள் பலரும் முதலில் செய்து பார்ப்பது. வளையத் துளையுடன் உயர்திறன் லென்ஸால் அதைக் குவிக்கும்போது வழக்கமான நேர்கோட்டுத் தளவிளைவுக் கற்றையைவிடச் சிறிய புள்ளி கிடைக்கும் என்று 2003இல் டோர்ன், குவாபிஸ், லாய்க்ஸ் ஆகிய மூவரும் ஜெர்மனியில் செய்து காட்டினர். நுண்துகள்களை ஒளியால் பிடித்து நிறுத்துவதிலும், உலோகத்தை லேசரால் வெட்டுவதிலும், நுண்ணோக்கியிலும் இத்தகைய கற்றைகளுக்குப் பயன் உண்டு.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வட ஆற்காட்டுப் பகுதியெங்கும் உள்ள கல்லூரிகளில் முதுநிலை இயற்பியல் படிப்போரையும், ஆய்வில் புதிதாகச் சேர்ந்தோரையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. அரை அலைத் தகடும் கால் அலைத் தகடும் என்ன செய்யும் என்பது தெரிந்திருந்தால் போதும். மற்றவற்றை மேசையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது

முதல் வழி, கியூ தகடு எனப்படும் திரவப் படிகத் தகடு. அதன் அச்சு இடத்துக்கு இடம் திரும்பியிருப்பதால், கற்றையை அதன் வழியே செலுத்தினாலே ஆரத்திசைத் தளவிளைவு வந்துவிடுகிறது. மருச்சியும் அவருடைய குழுவினரும் 2006இல் நேப்பிள்ஸில் அறிமுகப்படுத்திய இந்தத் தகடு, பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த பஞ்சரத்தினம் 1956இல் விளக்கிய வடிவியல் கட்டத்தை (கட்டம் என்பது phase, அலை தன் சுழற்சியில் இருக்கும் நிலை) அடிப்படையாகக் கொண்டது. எளிதானதுதான், ஆனால் ஒரு தகட்டுக்கு ஒரு கோலம்தான். நாம் விரும்பும் கோலத்தை அதில் வரைய முடியாது.

இரண்டாவது வழி, கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்ட வடிவத்தைக் கொடுத்து, எதிரெதிர் தளவிளைவுகளோடு மீண்டும் இணைக்கும் குறுக்கீட்டுமானி. நூல்களில் இதுவே பெரும்பாலும் முதலில் வரும். இரு பாதைகளும் தனித்தனியாக ஓடும் மாக்-சென்டர் அமைப்பில், ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் ஒளிக்குப் பாதை வேறுபாடு அரை அலைநீளம், அதாவது சுமார் 316 நானோமீட்டர் மாறினாலே ஆரத்திசைக் கற்றை, மையத்தைச் சுற்றிய வட்டத்தின் திசையில் அதிரும் சுற்றுத்திசைக் கற்றையாகிவிடும். மின்விசிறி சுழலும் அறையில், காட்பாடி சந்திப்பின் ரயில் அதிர்வு தரையில் உணரப்படும் தொலைவில், அத்தகைய அமைப்பைத் தொடர்ந்து நிலையாக வைத்திருப்பது புதியவருக்குப் பெரும் சோர்வைத் தரும். காற்றைத் தடுக்கும் பெட்டியும் நல்ல அதிர்வுத் தடுப்பு மேசையும் இல்லாத இடத்தில் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது வழி, இரண்டு கூறுகளும் ஒரே பாதையில் செல்லும்படி அமைத்து, ஒளியின் கட்டத்தைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றும் திரையான ஒற்றை ஸ்பேஷியல் லைட் மாடுலேட்டரின் இரு பாதிகளையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவது. எஸ்.எல்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் கருவி பல லட்சம் ரூபாய் விலையுள்ளது. ஆகவே துறையிலோ பக்கத்து நிறுவனத்திலோ ஏற்கெனவே இருப்பதைக் கேட்டுப் பெறுவதே நடைமுறை. பாதை பொதுவாக இருப்பதால் அதிர்வு வந்தாலும் இரு கூறுகளும் சேர்ந்தே ஆடும்; அவற்றுக்கிடையிலான கட்ட வேறுபாடு மாறாது. இனி வருவதெல்லாம் இந்த மூன்றாவது வழிக்கானவை.

மேசையும் அறையும்

விலையுயர்ந்த மேசை இல்லாவிட்டால், மெருகேற்றிய கனமான கிரானைட் பலகையை அரைகுறையாகக் காற்றடைத்த டியூப்களின் மேல் வைப்பது இந்த அமைப்புக்குப் போதுமானது. கல் அறுக்கும் பட்டறைகள் நிறைந்த நம் பகுதியில் அது எளிதாகக் கிடைக்கும். கிரானைட்டில் காந்த அடித்தளம் ஒட்டாது என்பதால், அதன் மேல் சில மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். லேசர் செல்லும் உயரம், உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்குக் கீழே எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஐந்து மில்லிவாட்டுக்கு உட்பட்ட லேசரேயானாலும் நேராகக் கண்ணில் படக்கூடாது.

சந்தையில் இருவகை ஹீலியம்-நியான் லேசர்கள் உண்டு. தளவிளைவு உறுதியாக்கப்பட்ட வகையையே வாங்குங்கள். மற்ற வகையில் தளவிளைவு நேரத்துக்கு நேரம் மாறும்.

அக்கினி நட்சத்திர நாட்களில் வேலூரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வெப்பம் ஏற ஏறத் திரவப் படிகத்தின் இரட்டை ஒளிவிலகல் குறைவதால், காலையில் குளிர்சாதனம் ஓடும்போது எடுத்த அளவுத்திருத்தம் மதியம் மின்சாரம் நின்று அறை சூடான பின் செல்லாது. அறையின் வெப்பநிலையை ஒவ்வோர் அளவீட்டோடும் குறித்து வைப்பது இங்கே கட்டாயம்.

அளக்கும் பகுதியை முதலில் கட்டுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கோலத்தை உருவாக்கும் பகுதியில்தான் முதலில் இறங்குகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். தளவிளைவைக் கண்ணும் காணாது, கேமராவும் காணாது. அதைச் செறிவாக மாற்றிக் காட்டும் அமைப்பு நம்பகமாக இல்லாவிட்டால், உருவாக்கிய கற்றை சரியா தவறா என்று சொல்ல வழியே இல்லை. எனவே எஸ்.எல்.எம்.மை அதன் பெட்டியிலேயே விட்டுவிட்டு, தெரிந்த தளவிளைவுகளைத் துல்லியமாக அளக்கும் அமைப்பை முதலில் முடியுங்கள்.

தொடக்கம், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசரின் அச்சு எங்கே என்று கண்டறிவது. சட்டத்தின் மேல் பொறித்த கோட்டை அப்படியே நம்ப வேண்டாம். நுண்ணோக்கிக்குப் பயன்படும் கண்ணாடிச் சில்லு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, படுகதிரும் எதிரொளித்த கதிரும் மேசைக்கு இணையாக இருக்கும்படி, சுமார் 56 டிகிரி படுகோணத்தில் கற்றையை விழச் செய்யுங்கள். இதுவே கண்ணாடியின் புரூஸ்டர் கோணம். போலரைசரைத் திருப்பும்போது எதிரொளிப்பு எங்கே மிகவும் மங்குகிறதோ, அங்கே ஒளி கிடைமட்டமாக அதிர்கிறது. இந்த ஒரு போலரைசர் உறுதியானால், மற்றவற்றின் அச்சுகளை இருட்டாகும் நிலையைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். அரை அலை, கால் அலைத் தகடுகளுக்கும் இதே உத்திதான்: குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு நடுவே தகட்டை நுழைத்து, மீண்டும் இருட்டாகும் கோணத்தில் அதன் அச்சு இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

அடுத்தது கேமரா. ஒற்றை நிறக் கேமராவாக இருப்பது நல்லது. தானியங்கி ஒளியமைப்பு, காமா திருத்தம் ஆகிய இரண்டையும் அணைத்துவிட்டு, எந்தப் பிக்சலும் உச்ச அளவைத் தொடாதபடி ஒளியைக் குறைக்க வேண்டும். பிறகு போலரைசரைச் சுற்றிச் செறிவைப் பதிவு செய்து, மாலஸ் விதி சொல்லும் கொசைன் வர்க்க வளைவோடு ஒப்பிடுங்கள். வளைவு பொருந்தவில்லையென்றால் கேமரா நேர்விகிதத்தில் வேலை செய்யவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குச் செல்வதில் பயனில்லை.

தளவிளைவு நிலையை முழுமையாகச் சொல்ல ஸ்டோக்ஸ் 1852இல் அறிமுகப்படுத்திய நான்கு அளவுருக்கள் தேவை. அவற்றுக்கு நான்கு படங்கள் போதும் என்றாலும் ஆறு படங்களை எடுங்கள்: கிடைமட்டம், செங்குத்து, நேர் 45 டிகிரி, எதிர் 45 டிகிரி, வட்டத் தளவிளைவின் வலச்சுழி, இடச்சுழி. முதல் இரண்டின் கூட்டுத்தொகை மொத்தச் செறிவையும் (S0) வேறுபாடு முதல் அளவுருவையும் (S1) தரும். அடுத்த இரண்டின் வேறுபாடு இரண்டாவதையும், கடைசி இரண்டின் வேறுபாடு மூன்றாவதையும் தரும். ஒவ்வொரு சோடியின் கூட்டுத்தொகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதால், ஆறு படங்கள் எடுத்தவருக்குத் தம் அளவீட்டைத் தாமே சரிபார்க்கும் வசதி கிடைக்கிறது. அதிர்வுத் திசையின் கோணம் என்பது இரண்டாம் அளவுருவை முதலாவதால் வகுத்து வரும் தான்செண்டுக் கோணத்தில் பாதி. கணினியில் இரு உள்ளீடுகளையும் தனித்தனியே வாங்கும் ஆர்க்டேன்2 சார்பையே இதற்குப் பயன்படுத்த வேண்டும். இல்லையேல் கால்வட்டங்கள் குழம்பிவிடும்.

கேமராவுக்கு முன்னுள்ள போலரைசரைத் திருப்பித் திருப்பி ஆறு படங்களை எடுப்பதைவிட, அதை அசைக்காமல் வைத்து, அதற்கு முன் ஓர் அரை அலைத் தகட்டையோ கால் அலைத் தகட்டையோ திருப்புவது மேல். போலரைசரின் இரு முகங்களும் மிகச் சரியாக இணையாக இருப்பதில்லை என்பதால், அதைச் சுற்றும்போது படம் சில பிக்சல்கள் நகர்ந்துவிடும். புள்ளிக்குப் புள்ளி கழித்துக் கணக்கிடும் இந்த முறையில் அந்த நகர்வு பொய்யான கோலங்களை உண்டாக்கும். வலச்சுழி, இடச்சுழி என்பவற்றை ஒளி வரும் திசையை நோக்கி நின்று சொல்வதா, ஒளி செல்லும் திசையில் நின்று சொல்வதா என்பதில் நூலுக்கு நூல் மாறுபாடு இருப்பதால், ஒன்றை முடிவு செய்து குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எஸ்.எல்.எம்.மை அளவுத்திருத்தம் செய்தல்

எஸ்.எல்.எம். என்பது எதிரொளிக்கும் சிலிக்கான் பரப்பின் மேல் அமைந்த திரவப் படிகத் திரை. பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் 8 மைக்ரோமீட்டர் அளவுள்ள பிக்சல்கள் 1920 பத்தி, 1080 வரிசையாக இருக்கும். அதாவது பயன்படும் பரப்பு ஏறத்தாழ 15.4 மில்லிமீட்டர் அகலமும் 8.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. இடது பாதி, வலது பாதி என்று பிரித்தால் ஒவ்வொன்றும் 7.7 மில்லிமீட்டர் அகலம் பெறும். எனவே கற்றையை விரிவாக்கும்போது அதன் விட்டத்தை நான்கு மில்லிமீட்டர் அளவோடு நிறுத்திக்கொண்டால் ஓரங்களில் வெட்டுப்படாது.

கணினிக்கு அது வெறும் இரண்டாவது திரைதான். அந்தத் திரைக்கான பெரிதாக்கும் அமைப்பு 100 சதவீதத்தில் இருக்க வேண்டும். இரவு நேர மஞ்சள் நிறமாற்றத்தையும் அணைத்துவிட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் நாம் அனுப்பும் எண் பிக்சலுக்குச் சரியாகப் போய்ச் சேராது.

திரவப் படிக மூலக்கூறுகள் படுத்திருக்கும் திசையில் அதிரும் ஒளியின் கட்டத்தை மட்டுமே இந்தக் கருவி மாற்றும். அதற்குச் செங்குத்தான கூறு மாற்றமின்றித் திரும்பும். அளவுத்திருத்தத்துக்கும், பின்னர் கோலம் வரைவதற்கும் இந்தப் பண்பே அடிப்படை. கற்றையை 45 டிகிரித் தளவிளைவோடு அனுப்பி, திரும்பி வருவதைக் குறுக்குப் போலரைசர் வழியே பாருங்கள். திரை முழுவதற்கும் ஒரே சாம்பல் எண்ணைக் கொடுத்து, 0 முதல் 255 வரை சிறு சிறு படிகளாக ஏற்றிச் செறிவைப் பதிவு செய்தால், அது கட்டத்தின் பாதிக்குரிய சைன் வர்க்கமாக ஏறி இறங்கும். அதிலிருந்து எந்த எண்ணுக்கு எவ்வளவு கட்டம் என்ற அட்டவணையைத் தயாரித்து, எந்த எண்ணில் ஒரு முழுச் சுற்று நிறைவடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். படுகோணம் சில டிகிரிகளுக்குள் இருக்கட்டும். ஒளிப்பிரிப்பானை வைத்து நேர்க்குத்தாக விழச் செய்யலாம் என்று தோன்றும். ஆனால் சரிபாதி ஒளிப்பிரிப்பானை இருமுறை கடந்தால் கால் பங்கு ஒளியே மிஞ்சும்.

திரை புதுப்பிக்கப்படும் வேகத்தில் கட்டம் மெலிதாக நடுங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் கருவியானால் கேமராவின் ஒளிபடும் நேரத்தை 16.7 மில்லிவினாடியின் முழு மடங்காக வையுங்கள்.

கோலத்தை வரைதல்

கிடைமட்டமாக மூலக்கூறுகள் படுத்த திரையில் 45 டிகிரித் தளவிளைவு விழும்போது, கிடைமட்டக் கூறு மட்டும் ஒரு கட்டத்தைப் பெறுகிறது. பிறகு வரும் கால் அலைத் தகட்டின் அச்சையும் 45 டிகிரியில் வைத்தால், வெளிவரும் ஒளி மீண்டும் நேர்கோட்டுத் தளவிளைவாகி, நாம் கொடுத்த கட்டத்தின் பாதியளவு கோணம் திரும்பியிருக்கும். ஆகவே ஒரு புள்ளியில் எந்தத் திசை வேண்டுமோ அந்தக் கோணத்தின் இரு மடங்கைக் கட்டமாகக் கொடுத்தால் போதும். ஆரத்திசைக் கற்றைக்கு, மையத்தைச் சுற்றிய கோணத்தின் இரு மடங்கை வரைந்து, தொடக்கத் திசையைச் சரிசெய்ய ஒரு நிலையான எண்ணைக் கூட்ட வேண்டும்.

பலர் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். திரையின் பிம்பம் விழும் தளத்தில் வைத்த கேமராவும் ஸ்டோக்ஸ் கணக்கும் அழகான ஆரத்திசைக் கோலத்தைக் காட்டும். ஆனால் கேமராவை அரை மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். இருட்டாக இருக்க வேண்டிய மையத்தில் ஒளி நிரம்பியிருக்கும். காரணம், ஒரு கூறுக்கு மட்டும் கட்டம் கொடுத்தபோது தளவிளைவு திரும்பியதோடு, கற்றை முழுவதற்கும் பொதுவாக அதில் பாதிக் கட்டமும் சேர்ந்துவிட்டது. அந்தப் பொதுக் கட்டம் மையத்தைச் சுற்றிச் சுருளாக ஏறுகிறது. அதனால் வட்டத் தளவிளைவுக் கூறுகளில் ஒன்று இரட்டைச் சுருளாகவும் மற்றொன்று சுருளே இல்லாமலும் பயணிக்கின்றன. சுருள் இல்லாதது மையத்தை நிரப்புகிறது. பிம்பத் தளத்தில் மட்டும் சரியாகத் தோன்றும் இந்தக் கற்றையை உண்மையான ஆரத்திசைக் கற்றை என்று சொல்ல முடியாது.

திரையின் முதல் பாதி இந்தப் பொதுக் கட்டத்தை முன்கூட்டியே கழிப்பதற்குத்தான். கிடைமட்டத் தளவிளைவோடு வரும் ஒளி முதலில் இடது பாதியில் விழுந்து, வேண்டிய கட்டத்தின் பாதியை எதிர்க்குறியோடு பெறட்டும். அங்கிருந்து 300 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள ஒரு லென்ஸைக் கடந்து, அதற்கு அப்பால் இன்னும் 300 மில்லிமீட்டர் தள்ளியுள்ள சமதளக் கண்ணாடியில் பட்டு, அதே லென்ஸ் வழியே திரும்பி வலது பாதியில் விழ வேண்டும். திரைக்கும் லென்ஸுக்கும் இடையிலும் 300 மில்லிமீட்டரே இருக்க வேண்டும். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கால் அலைத் தகட்டை 22.5 டிகிரியில் வைத்தால், ஒளி அதை இருமுறை கடப்பதால் அது அரை அலைத் தகடாகச் செயல்பட்டு, கிடைமட்டத்தை 45 டிகிரியாக மாற்றிக் கொடுக்கும்.

இடது பாதியின் பிம்பம் வலது பாதியின் மேல் 180 டிகிரி சுழன்று விழும் என்பதால், இடது பாதிக்குரிய படத்தையும் அவ்வாறே சுழற்றி ஏற்ற வேண்டும். இதைச் சரிபார்க்க, எந்தச் சமச்சீரும் இல்லாத ‘ழ’ போன்ற ஓர் எழுத்தை இரு பாதிகளிலும் அரைச் சுற்றுக் கட்டத்தில் வரைந்து கேமராவில் பாருங்கள். எழுத்தின் விளிம்பு மெல்லிய கருங்கோடாகத் தெரியும்; இரு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படியும்வரை ஓரிரு பிக்சல்களாக நகர்த்துங்கள். இந்த ஒத்திசைவுக்கு ஒரு முழு நாள் போனாலும் அது வீண் அல்ல.

நிரலில் கவனிக்க வேண்டியது ஒன்று. முழுச் சுற்றைத் தாண்டும் கட்டத்தை முதலில் மடித்துவிட்டு (அதாவது முழுச் சுற்றுகளைக் கழித்து ஒரு சுற்றுக்குள் கொண்டுவந்துவிட்டு) பிறகு பாதியாக்கினால், மடிப்பு வந்த இடமெல்லாம் அரைச் சுற்றுத் தாவல் தோன்றிக் கற்றை கீறலோடு வெளிவரும். முதலில் பாதியாக்கி, எதிர்க்குறி இட்டு, கடைசியாகவே மடிக்க வேண்டும். ஆரத்திசைக் கோலத்தில் கோணம் ஒரு சுற்று முடிந்து தொடக்கத்துக்குத் திரும்பும் கோட்டில் இந்தக் குறை தெளிவாகத் தெரியும்.

வெளிவருவதைச் சோதித்தல்

ஸ்டோக்ஸ் படங்களுக்கு முன், ஒற்றைப் போலரைசரை மட்டும் வைத்துச் சுற்றிப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு ஒளித் திட்டுகள் தெரிந்து, போலரைசரோடு சேர்ந்து அதே திசையில் சுழல வேண்டும். திட்டுகள் போலரைசரின் அச்சிலேயே இருந்தால் ஆரத்திசை; அச்சுக்குச் செங்குத்தாக இருந்தால் சுற்றுத்திசை; தொடக்கத் திசைக்காகக் கூட்டிய நிலையான எண்ணை மாற்றினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். போலரைசர் ஒரு திசையில் சுற்ற, திட்டுகள் எதிர்த்திசையில் சுழன்றால் கோணத்தின் குறி தலைகீழாகிவிட்டது என்று பொருள். கடைசிக் கால் அலைத் தகடு 90 டிகிரி மாறி அமர்ந்திருக்கலாம், அல்லது வழியில் ஒரு கண்ணாடி கூடுதலாக இருக்கலாம். பிறகு கேமராவைத் தள்ளி வைத்து மையம் இருட்டாகவே நீடிக்கிறதா என்று பாருங்கள். பொதுக் கட்டம் சரியாகக் கழிந்ததற்கு அதுவே சான்று.

கோலம் உருவான பிறகு வரும் பாதையில், 45 டிகிரி சாய்த்த உலோகக் கண்ணாடிகளை வைக்காதீர்கள். படுகதிரும் எதிரொளித்த கதிரும் அமையும் தளத்துக்கு இணையாகவும் செங்குத்தாகவும் அதிரும் கூறுகளுக்கு இடையே அது ஒரு கட்ட வேறுபாட்டைச் சேர்த்து, நேர்கோட்டுத் தளவிளைவை நீள்வட்டமாக்கும். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தைப் பார்த்து வந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தொலைநோக்கியின் கண்ணாடிகளே தளவிளைவை மாற்றக்கூடும் என்பதால், விண்மீன் ஒளியின் தளவிளைவை அளப்போர், தளவிளைவு இல்லாதவை என்று ஏற்கெனவே தெரிந்த விண்மீன்களை முதலில் நோக்கித் தம் கருவியின் பிழையைக் கணக்கிடுவது வழக்கம். நம் மேசையிலும் அதற்கு ஈடான சோதனை, திரையில் வெறும் ஒரே எண்ணை ஏற்றி, கற்றை முழுவதும் ஒரே தளவிளைவு வருகிறதா என்று பார்ப்பது. மூன்றாம் ஸ்டோக்ஸ் அளவுரு பூச்சியத்திலிருந்து எங்கும் ஒரே அளவில் விலகியிருந்தால் தகட்டின் கோணமோ கண்ணாடியோ காரணம். இடத்துக்கு இடம் விலகினால் திரையின் தட்டையற்ற பரப்போ, அதன் மேல் கண்ணாடியிலிருந்து நேராக எதிரொளித்து வரும் ஒளியோ காரணமாயிருக்கும். செறிவு உச்சத்தின் ஐந்து சதவீதத்துக்குக் கீழே போகும் பிக்சல்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே கேமராவின் இரைச்சலே கோணமாகத் தோன்றும்.

ஆரத்திசைக் கற்றை சரியாக வந்த பிறகு உங்கள் விருப்பக் கோலத்துக்குப் போகலாம். வேலூர்க் கோட்டை மதிலின் கோட்டுப்படத்தை எடுத்து, கோட்டின் மேல் ஒரு திசையும் மற்ற இடங்களில் அதற்குச் செங்குத்தான திசையும் வருமாறு அமைத்தால், வெறுங்கண்ணுக்கு ஏறக்குறையச் சீரான ஒளித்திட்டாகத் தெரிவது போலரைசரைக் குறுக்கே பிடித்ததும் கோட்டையாக வெளிப்படும். கோட்டின் விளிம்புகளைச் சில பிக்சல்களுக்கு மென்மையாக்கிக்கொள்ளுங்கள். கூர்மையாக விட்டால் விளிம்பு விளைவால் செறிவிலேயே கோடு தெரிந்துவிடும்.

இந்த அமைப்பு நேர்கோட்டுத் தளவிளைவுகளை மட்டுமே தரும். நீள்வட்டமும் வட்டமும் ஒரே கற்றையில் கலந்து வர வேண்டுமானால், திரையின் இரு பாதிகளையும் தளவிளைவுக்கே செலவிட வேண்டும்: இடது பாதியிலும் 45 டிகிரி ஒளியை விழச் செய்ய வேண்டியிருக்கும். அப்போது எந்தத் தளவிளைவு நிலையையும் எந்தப் புள்ளியிலும் வரையலாம், ஆனால் பொதுக் கட்டத்தைக் கழிக்க இடம் இராது. பிம்பத் தளத்தில் மட்டும் பயன்படுத்தப்போகிற கற்றைக்கு அது தடையன்று. தொலைவுக்கு அனுப்ப வேண்டியதற்கு இரண்டாவது எஸ்.எல்.எம். தேவைப்படும்.